திண்ணையில் ஓர் எதிர்க்கட்சி

காலை ரயிலில் வந்திறங்கும் பத்திரிகை எங்கள் தெருவில் முதன்முதலாக விரிவது, சந்தா கட்டிய என் வீட்டில் அன்று; எதிர்ச்சாரியில் உள்ள ஒரு திண்ணையில். பையன் என் வாசலில் எறிந்துவிட்டுப் போனதை, கோலத்து ஈரத்தில் நனைகிறதே என்ற பரிதாபத்தால் எடுத்துச் செல்கிற அந்தத் திண்ணைக்காரர், தலையங்கம் தொடங்கி ஏல விளம்பரம் வரை படித்து, முந்தின தினம் சர்க்கார் செய்த அக்கிரமங்களை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்ட பின்னரே, அதை நாலாக மடித்து, மூக்குப்பொடி வாசனையோடு என்னிடம் சேர்ப்பிப்பார். பத்திரிகை என்னுடையது, அபிப்பிராயம் அவருடையது என்ற இந்த உடன்படிக்கை பல வருஷங்கள் பங்கமின்றி நடந்து வந்தது.

இந்த ரகத்து மனிதர் இல்லாத முனிசிபல் ஊர் காவிரிக் கரையில் கிடையாது. எங்கள் மனிதர் முப்பது வருஷம் கோர்ட்டுக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் சர்க்காரிடமிருந்து வரும் பென்ஷன் தம்முடைய பிதுரார்ஜிதம் என்பதும், அரையாண்டுக்கு ஒரு முறை சர்க்காருக்குப் போகும் வீட்டுவரி பகற்கொள்ளை என்பதும் அவருடைய அரசியல் சாஸ்திரத்தின் இரண்டு அத்தியாயங்கள். பில் கலெக்டர் தெருமுனையில் தலைகாட்டினால் போதும், திண்ணை காலியாகிவிடும். உள்ளேயிருந்து, “பூஜையில் இருக்கிறார்” என்ற குரல் மட்டும் வரும்.

1957-ஆம் வருஷம் அவருடைய வாழ்வில் ஒரு பொற்காலம். ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. பதினாறணா ரூபாய் நூறு பைசாவானால் ஓரணாவுக்கு ஆறேகால் பைசா ஆகிறது. கால் பைசா என்றொரு நாணயமோ அடிக்கப்படவில்லை. ஆகவே கோடானுகோடிப் பிரஜைகளின் கால் பைசாக்களெல்லாம் ஒன்றுசேர்ந்து டில்லியில் எங்கோ ஒரு மலையாக வளர்ந்துகொண்டிருக்கின்றன என்று அவர் தக்க கணக்குகளுடன் ஸ்தாபித்தார். ஓரணாக் கீரைக்கட்டுக்கு ஏழு பைசா கேட்ட கீரைக்காரியின் கையில் ஆறை வைத்து, “மிச்சத்தை நேருவிடம் கேட்டு வாங்கிக்கொள்” என்று அனுப்பியதும் அதே வாரத்தில்தான். அவள் நேருவைக் கேட்கவில்லை. மறுநாள் முதல் கட்டைச் சிறியதாக்கிவிட்டாள்.

அதே வருஷம் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி, கால்டார் என்ற கேம்பிரிட்ஜ் நிபுணரின் யோசனையைத் தழுவிச் செலவு வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஆண்டு வருமானம் 36,000 ரூபாய்க்கு மேற்பட்டவர்களை மட்டுமே தீண்டக்கூடிய அந்த வரி, அதில் இருபதில் ஒரு பங்கைக்கூடக் கண்ணால் கண்டிராத எங்கள் திண்ணைக்காரரை இரண்டு வாரம் தூங்கவிடாமல் அடித்துவிட்டது. “இன்றைக்குச் செலவைக் கேட்கிறான் தம்பி, நாளைக்கு உன் இலையில் எத்தனை இட்லி என்று எண்ண வருவான், பார்த்துக்கொண்டே இரு” என்றார். 1959-ல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று சர்க்காரைச் சாடியபோது, தம் திண்ணைச் சரக்கு எப்படியோ சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக அவருக்கு ஒரு மனத்தாங்கல். கட்சியில் சேர்ந்தாரா என்றால், இல்லை, சந்தா கேட்டார்களாம்.

இவ்வளவு தூரம் சர்க்காரின் தலையீட்டை வெறுத்தவர், அடுத்த வீட்டு விஷயத்தில் மட்டும் அந்தத் தலையீடு போதவில்லையே என்று ஏங்கியதை நான் சொல்லாமல் விட்டால் சித்திரம் பூர்த்தியாகாது. விளக்கில்லாத சைக்கிளில் போன தம் பேரனைப் போலீஸ்காரர் பிடித்தபோது அது ஹிட்லர் ஆட்சி, எதிர்வீட்டுப் பையனைப் பிடிக்காமல் விட்டபோது, “இந்த ஊரில் சர்க்கார் என்று ஒன்று இருக்கிறதா?”

அடுத்த வீட்டுக்காரர் சாக்கடைக்கு மேல் கருங்கல் பலகை பாவித் தம் திண்ணையை ஒரு முழம் நீட்டியதும், எங்கள் மனிதர் விசுவரூபம் எடுத்தார். கமிஷனருக்கு ஒன்று, சேர்மனுக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று என மும்மூன்று பக்க மகஜர்கள் பறந்தன. 1920-ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம் அவற்றில் பாராவுக்குப் பாரா எழுந்து நின்றது. சாக்கடை நீர் தேங்குவது, கொசு பெருகுவது, பிரேதம் எடுத்துப்போக வழியில்லாமல் போகப்போவது எல்லாம் கோர்ட்டு நடையில் உருக்கமாக விவரிக்கப்பட்டிருந்தன.

ஆச்சரியம் என்னவென்றால், ஓவர்சீயர் நிஜமாகவே வந்துவிட்டார். கையில் டேப்பும் பழைய தெருப்படமும் இருந்தன. கூட வரவேண்டிய சேவகன்தான் இல்லை. “ஐயா, இந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா?” என்று அவர் கேட்க, திண்ணைக்காரர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகூர்த்தத்தில் தாலி எடுத்துக் கொடுக்கும் பெரியவருடைய முகக்களையோடு அந்தப் பித்தளை வளையத்தைப் பற்றிக்கொண்டார். அடுத்த வீட்டில் ஓரடி மூன்றங்குலம் ஆக்கிரமிப்பு என்று தெரிந்தது. ஓவர்சீயர் சுண்ணாம்புக்கட்டியால் கோடு இழுத்தார். இழுத்தவர் நிறுத்தவில்லை, படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அதே கோட்டை நேராக இந்தப் பக்கமும் கொண்டுவந்தார். இரண்டடி ஓரங்குலம். பொடி டப்பியும் சாய்மணையும் கோட்டுக்கு வெளியே, அதாவது முனிசிபாலிடியின் பூமியில் இருந்தன.

“எங்கள் அப்பா காலத்துத் திண்ணை!” என்றார் அவர். டேப்பின் முனை இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

“அப்பா காலத்துச் சாக்கடையும்தானே ஐயா?” என்று மரியாதையாகவே சொல்லி, டேப்பைச் சுற்றிக்கொண்டு ஓவர்சீயர் புறப்பட்டார்.

மறுநாள் காலையில் என் பத்திரிகை என் வாசலிலேயே, கோலத்து ஈரத்தில் பாதி நனைந்து கிடந்தது. உடம்புக்கு என்னவோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். ஒரு செம்புத் தண்ணீரும் தேங்காய் நாருமாகக் குந்தியிருந்து, அந்தச் சுண்ணாம்புக் கோட்டை அங்குலம் அங்குலமாகத் தேய்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“சுத்தம் பண்ணுகிறேன் தம்பி. முனிசிபாலிடிக்காரன் எங்கே பண்ணுகிறான்?”