உம் கொட்டுதல்: நரம்பும் தசையும்

ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்பவர் வாயைத் திறக்காமல் இடையிடையே எழுப்பும் ஒலிக்கு உம் கொட்டுதல் என்று பெயர். கதை சொல்லும் பாட்டி, தொலைபேசியில் ஊர்க்கதை பேசும் அத்தை, அலுவலகத்தில் தனக்கு நேர்ந்த அநியாயத்தை விவரிக்கும் நண்பர் ஆகிய எல்லோருக்கும் இது இன்றியமையாதது. ஒலி நின்றால் குழந்தை தூங்கிவிட்டது என்று பாட்டி எழுந்து போகிறாள். அத்தையோ "ஹலோ, ஹலோ" என்கிறாள்.

மனிதன் பேசுவதற்குச் சுமார் நூறு தசைகள் தேவைப்படுகின்றன. மார்பு, கழுத்து, குரல்வளை, தாடை, நாக்கு, உதடு என்று அவை பரந்து கிடக்கின்றன. தாடையின் பொறுப்பு ஐந்தாம் மண்டை நரம்புக்கு, உதட்டின் பொறுப்பு ஏழாவதற்கு, நாக்கு பன்னிரண்டாவதற்கு. அறுவைச் சிகிச்சையின்போது விழித்திருந்த நோயாளிகளின் மூளைப்புறணியை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து, கண்டதை 1937-இல் மூளை அறுவை மருத்துவர்களான வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரேயும் வெளியிட்டனர். உதடு, நாக்கு, கை ஆகியவற்றுக்கு அங்கே பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. முதுகு முழுவதற்கும் கிடைத்தது ஒரு துண்டு நிலம். மனித மூளை முதுகொடியும் உழைப்பைவிடப் பேச்சுக்கு அதிக இடம் கொடுத்திருப்பது உடற்கூறு நூல்களில் படத்தோடு அச்சாகியிருக்கிறது.

இத்தனை ஏற்பாட்டில் உம் கொட்டுவதற்கு வேண்டியது மிகக் கொஞ்சம். பேசாமல் உட்கார்ந்திருப்பவரின் உதடுகள் ஏற்கெனவே மூடியே இருக்கின்றன. மூக்கால் மூச்சு விடுவதால் மென்னண்ணம் கீழே தொங்குகிறது. மூக்கொலிக்கு அது அப்படித்தான் தொங்க வேண்டும். தாடை அசைய வேண்டியதில்லை, நாக்குக்கு வேலையே இல்லை. வெளியேறும் மூச்சும் எப்படியும் வெளியேறப்போகிற மூச்சுதான். ஆகவே சும்மா இருக்கும் உடம்போடு ஒரே ஓர் அசைவைச் சேர்த்தால் "ம்" பிறந்துவிடுகிறது: குரல்நாண்கள் இரண்டும் நெருங்கி வர வேண்டும்.

இந்த ஓர் அசைவுக்கான ஆணை வரும் வழியோ சிக்கனமானதன்று. குரல்வளைத் தசைகளை ஆள்வது பத்தாம் மண்டை நரம்பான வேகஸ். மூளைத்தண்டிலிருந்து இறங்கும் அதன் இடப்பக்கக் கிளை, குரல்வளையைத் தொட்டுக்கொண்டு போகிற தூரத்தில் இருந்தும் அங்கே நிற்பதில்லை. நேராக மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றி, மறுபடி மேலேறிக் குரல்வளையை அடைகிறது. எதிர்வீட்டுக்குப் போக வேண்டியவர் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பி வருவது போன்ற பயணம் இது. கரு வளரும்போது இதயம் கழுத்துப் பகுதியிலிருந்து மார்புக்கு இறங்குகிறது. தமனியின் அடியில் சிக்கிக்கொண்ட நரம்பும் கூடவே இழுபட்டுப் போகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே ஏற்பாடுதான், நீளம் சில மீட்டர். அந்த விலங்கு உம் கொட்டுவதைத் தவிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாம் நூற்றாண்டில் ரோம் நகரில் கேலன் என்ற மருத்துவர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் இந்த நரம்பைக் கூட்டத்தின் முன் கட்டிக் காட்டினார். பன்றி உயிரோடிருந்தது, சத்தம் மட்டும் நின்றது. குரலை ஆள்வது இதயமல்ல, மூளைதான் என்று நிறுவுவது அவர் நோக்கம். ஆனாலும் இதயத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதயத்தின் இடது மேலறை பெருத்து இந்த நரம்பு நசுங்கினால் குரல் கம்மிப்போகும் என்பதை 1897-இல் மருத்துவர் நார்பெர்ட் ஓர்ட்னர் பதிவு செய்தார். நெடுநாள் குரல் கம்மலுக்கு மருத்துவர்கள் மார்பையும் படம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

நாண்கள் நெருங்கியபின் நரம்பின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆணின் குரல்நாண் விநாடிக்கு நூற்றுச் சொச்சம் முறையும், பெண்ணினது இருநூறு முறையளவிலும் அதிர்கின்றன. ஒவ்வோர் அதிர்வுக்கும் மூளை தனித்தனி ஆணை அனுப்புகிறது என்று 1950-இல் குரல் ஆய்வாளர் ரவூல் ஹுசோன் வாதித்தார். அது நிற்கவில்லை. நாண்களின் மீள்தன்மையும் இடையே பாயும் காற்றுமே அவற்றை அதிரவைக்கின்றன என்பதுதான் நிலைத்த கருத்து. உழைப்பு காற்றுடையது, பெயர் மட்டும் கேட்பவருக்கு.

பொருள் வேறுபாடு சுருதியில் இருக்கிறது. வேகஸின் இன்னொரு கிளை ஆளும் தசை ஒன்று நாண்களை நீட்டி இறுக்கினால் சுருதி ஏறுகிறது. ஏறிய "ம்?" கேள்வி, தட்டையான "ம்" சம்மதம், இழுத்து இறங்கும் "ம்ம்ம்" சந்தேகம். "ம்ஹூம்" என்ற மறுப்புக்கு, மூடிய நாண்கள் நடுவில் ஒருமுறை திறந்து மறுபடி மூட வேண்டும். மறுப்பதைவிட ஒப்புக்கொள்வது உடலுக்கு மலிவு. வில்லுப்பாட்டில் புலவர் நிறுத்தும் இடமெல்லாம் "ஆமா" போடும் பின்பாட்டுக்காரரோ தாடையை இறக்கி, உதட்டைப் பிரித்து, மீண்டும் மூடி, மீண்டும் திறக்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது முறைதான்.

இனி, ஆணையிடுவது யார் என்ற கேள்வி. 1861-இல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியை ஆராய்ந்தார். பிறர் பேசுவதைப் பெரும்பாலும் புரிந்துகொண்ட அவரால் "டான்" என்ற ஓர் அசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் சொல்ல இயலவில்லை. இறந்தபின் பார்த்தபோது மூளையின் இடப்பக்க முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. பேச்சைக் கோக்கும் பகுதி இன்றும் புரோக்கா பெயரில் வழங்குகிறது. பின்னர் நரம்பியல் மருத்துவர் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் வேறொன்றைக் கவனித்தார்: பேச்சிழந்தவர்களிடமும் வசவும் பழகிப்போன சிறு சொற்களும் தப்பிப் பிழைக்கின்றன. பழக்கத்தில் ஊறிய ஒலிக்கு வாக்கியம் அமைக்கும் உழைப்பு தேவையில்லை. உம் கொட்டுதலை இந்த இனத்தில் சேர்ப்பதே பொருத்தம்.

கால அளவும் இதையே காட்டுகிறது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்ல மூளைக்குச் சுமார் 600 மில்லிவிநாடி ஆகிறது. உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளியோ சராசரியாக 200 தான். எனவே பதில் சொல்ல விரும்புகிறவர் எதிராளி முடிக்கும் முன்பே அடுத்த சொல்லைத் தயார் செய்தாக வேண்டும், அதற்குக் கவனித்தாக வேண்டும். உம் கொட்டுகிறவருக்குத் தேடச் சொல் இல்லை. குரல் தாழ்ந்து இடைவெளி விழுவதைக் காது பிடித்தால் போதும்; கண் செய்தித்தாளிலேயே இருக்கலாம்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?" என்ற கேள்வி எழும்போதுதான் இந்த ஏற்பாடு சோதனைக்கு உள்ளாகிறது. அதற்கும் மூளையில் ஒரு வசதி உண்டு. கவனிக்காத பேச்சின் எதிரொலியைச் செவி நினைவு சில விநாடிகள் அப்படியே வைத்திருக்கிறது. பிடிபட்டவர் கடைசி நாலைந்து சொற்களைப் பிசகாமல் ஒப்பிப்பது அதைக் கொண்டுதான். அதற்கு முந்தைய வாக்கியத்தைக் கேட்டால் உதவ, மனித நரம்பு மண்டலத்தில் எந்த உறுப்பும் இல்லை.