கோழைப் புற்றும் அதைப் பாகுபடுத்துவோரும்

குடல்வாலில் முளைத்து வயிறு முழுக்கக் கோழையைக் கொட்டும் புற்று ஒன்று உண்டு. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு, இருவருக்கு, மிஞ்சினால் நால்வருக்கு வரும். அதற்குச் செய்த பாகுபாடுகளோ வஞ்சனையில்லாமல் பெருகியவை. ஆகலின், நோயைப் பிரிக்குமுன் நோயைப் பிரிப்போரைப் பிரித்தல் முறை. அவர் இரு திறத்தர்: சேர்ப்பார், பிரிப்பார்.

சேர்ப்பாருக்கு முதல்வர் வெர்த். சினைப்பைக் கட்டி ஒன்றோடு வயிற்றில் கண்ட கோழைக்கு 1884-இல் 'சூடோமிக்ஸோமா பெரிட்டோனியை' என்று பெயரிட்டார். 1901-இல் குடல்வால் நீர்க்கட்டியோடும் அதே கோழை கண்டறியப்பட்டது. பிறகு நெடுங்காலம், குற்றவாளி சினைப்பையா குடல்வாலா என்று வழக்கு நடந்தது. பெரும்பாலும் குடல்வாலே என்பது தீர்ப்பு. சினைப்பை, பாவம், வழியில் மாட்டிக்கொண்ட சாட்சி.

பிரிப்பார் 1995-இல் மூன்றாக வகுத்தனர். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் இரண்டாக்கியது. 2016-இல் வல்லுநர்கள் வாக்கெடுத்து நான்காக்கினர்: செல்லே இல்லாத வெறும் கோழை, சாதுவான தாழ்தரம், மூர்க்கமான உயர்தரம், அதனினும் மூர்க்கமாய் முத்திரை மோதிர வடிவச் செல்கள் கொண்டது. வாக்கெடுப்பில் தீர்ந்த அறிவியல் என்று நகைக்கலாம். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் ஒருவர் கண்ட தாழ்தரம் அடுத்தவருக்கு உயர்தரமாகத் தெரியுமானால் நோயாளி யார் பேச்சைக் கேட்பது?

இனி நோயின் ஒழுக்கம். குடல்வாலின் துளை அடைபட, உள்ளே கோழை திரண்டு, ஒருநாள் அது கசியும் அல்லது வெடிக்கும். வெளியேறிய செல்கள் ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போவது அரிது. வயிற்றறை நீரோடு மிதக்கும். அந்நீர் உறிஞ்சப்படும் இடங்களான வலப்புற உதரவிதானத்தின் அடியிலும் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையிலும் படியும். மிச்சம் பாரத்தால் இடுப்புக்குழிக்கு இறங்கும். சிறுகுடல் நெடுநாள் தப்பும். என்னை? ஓயாது அசைவது ஆகலின் செல்களால் ஒட்ட முடிவதில்லை.

இது ஆண்டுக்கணக்கில் நடப்பதால் வெளிக்குறியும் ஆளுக்கேற்ப மூவகைப்படும். முதலாவது, தொந்தி: பெல்ட்டில் புதுத் துளை போட்டுக்கொண்டு காலம் கடத்துவார்கள். இரண்டாவது, பெண்களுக்கு ஸ்கேனில் தெரியும் சினைப்பைக் கட்டி. மூன்றாவது ஆண்களுக்கு உரியது. ஹெர்னியா என்று அறுத்தால், குடல் இருக்க வேண்டிய பையிலிருந்து நுங்குபோல் நழுவும் மஞ்சள் கோழை. அறுத்த மருத்துவர் அன்றுமுதல் மூன்றாம் வகையை மறக்கமாட்டார். விட்டுவைத்தால், கோழை இறுகிக் குடலை நெருக்க, உணவு இறங்காமல் உடல் வற்றும்.

எதிர்காலம் எப்படி என்றால், மேற்சொன்ன தரத்தோடு, கத்திக்குப்பின் மிஞ்சியது எவ்வளவு என்பதையும் பொறுத்தது. குடல்வாலுக்குள்ளேயே அடங்கிய தாழ்தரக் கட்டி, அதை அகற்றினால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. பரவியதற்கு வாஷிங்டன் நகரின் பால் சுகர்பேக்கர் வகுத்த முறை: கண்ணுக்குத் தெரியும் கட்டியையெல்லாம் சவ்வோடு உரித்தெடுத்து, சுமார் 42 டிகிரி சூட்டில் கீமோ மருந்தை வயிற்றுக்குள் சுழலவிடுவது. பத்து மணி நேரமும் ஆகலாம். இங்கும் பாகுபாடு உண்டு: வயிற்றை 13 மனையாக்கி, கட்டியின் அளவுக்கேற்ப மனைக்கு 3 மதிப்பெண் வரை, மொத்தம் 39. பள்ளிக்கூடம் போலன்றி, குறைய வாங்கினவருக்கே யோகம்.

இம்முறையில் சிகிச்சை பெற்ற, 16 மையங்களின் 2,298 நோயாளிகளை 2012-இல் தொகுத்துப் பார்த்ததில், பத்தாண்டு கடந்தோர் 63 சதவீதம். பாதிப்பேர் 16 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தனர். சிகிச்சையாலேயே இறந்தோர் 2 சதவீதம். பெருஞ்சிக்கல் நான்கில் ஒருவருக்கு. இவர்கள் அறுவைக்குத் தக்கவர் என்று பொறுக்கியெடுக்கப்பட்டோர் என்பதை உரையாசிரியன் இங்கே அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டவன். முத்திரை மோதிர வகையினருக்கு இக்கணக்கைக் காட்டி ஆறுதல் சொல்வது நேர்மையன்று.

அறுவைக்கு ஆகாதோருக்காக சிட்னியின் டேவிட் மோரிஸ் குழு, அன்னாசித் தண்டின் புரோமெலைனையும், நெஞ்சுச் சளியை இளக்கும் அசிட்டைல்சிஸ்டீனையும் கலந்து, குழாய் வழியே கோழைக்குள் செலுத்திப் பார்த்தது. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? கோழையையும் மூன்றாக்கினார்கள்: மெல்லினம், இடையினம், வல்லினம். மெல்லினம் கரைந்து குழாயில் வந்துவிடுகிறது. வல்லினம் லேசில் இளகுவதில்லை.