நூற்களவியல்

கையால் பின்னுவோர் தம் கைவேகத்துக்கும் சில வேளைகளில் தம் ஆயுளுக்கும் மிஞ்சிய அளவில் மலிவு விலை நூலை வாங்கி, அதனை ஒரே கூரையின்கீழ் வாழும் பிறர் கண்ணில் படாதவாறு வைத்துக்கொள்ளும் வழக்கம் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் பரவலாகக் காணப்படுவதாகும். பொருளியலார் இதனை இல்லறச் சிக்கல் என்று தள்ளிவிட, இல்லற ஆலோசகர்கள் இடப் பற்றாக்குறை என்று தள்ளிவிட, இடத்தைப் பற்றிப் பேசவேண்டிய கட்டடக் கலைஞர்களோ அலமாரியின் பின்பக்கத்தைத் தம் துறைக்கு உட்பட்டதாகவே கருதாமையால், இப்பொருள் கேட்பாரற்றுக் கிடக்கின்றது. பின்னுவதும் நூல் வாங்குவதும் தம்முள் தொடர்பற்ற இரு வேறு தொழில்கள் என்பதும், இரண்டையும் ஒருவரே செய்துவருவதால்தான் முன்னதற்காகப் பின்னது நிகழ்வதாக உலகம் மயங்குகின்றது என்பதும் இவ்வாய்வின் துணிபு.

முதற்கண் கலைச்சொற்கள். பின்னுவோர் வீட்டில் சேர்ந்துகிடக்கும், எந்த உடைக்கும் இன்னும் ஒதுக்கப்படாத நூலின் மொத்தத்தை அவர்கள் ‘ஸ்டாஷ்’ என்பர். இக்கட்டுரையில் அது ‘இருப்பு’ எனப்படும். இருப்பு வளர்ந்து, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஓயாது பின்னினாலும் தீராத எல்லையைக் கடக்கும்போது அதற்கு ‘ஸேபிள்’ என்னும் தனிப்பெயர் உண்டு. ஆயுட்காலத்தை விஞ்சிய கையிருப்பு என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது அப்பெயர். கைத்தொழில் ஒன்று தன் மூலப்பொருளின் மிகுதியை மரணத்தை அளவுகோலாக வைத்து அளப்பது அரிது.

இம்மிகுதி எங்ஙனம் தோன்றுகின்றது என்பதை எளிய கணக்கால் நிறுவலாம். நடுத்தரப் பருமனுள்ள நூலில் ஓர் அங்குல அகலத்துக்கு 5 கண்ணிகளும் ஓர் அங்குல உயரத்துக்கு 7 வரிசைகளும் அமையும் எனக் கொண்டால், ஒரு சதுர அங்குலத்துக்கு 35 கண்ணிகள் வேண்டும். மார்புச் சுற்றளவு 40 அங்குலமும் நீளம் 24 அங்குலமும் உள்ள ஸ்வெட்டரின் உடற்பகுதி 960 சதுர அங்குலம் எனவும், கைகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 500 சதுர அங்குலம் எனவும் கொண்டால், முழு உடைக்கு ஏறத்தாழ 51,000 கண்ணிகள் ஆகின்றன. நிமிடத்துக்கு 25 கண்ணிகள் போடும் சுமாரான கைக்கு இது 34 மணி நேர வேலை. ஷெட்லாந்து தீவுகளைச் சேர்ந்த ஹேஸல் டிண்டால் 2008 இல் நடந்த போட்டியில் 3 நிமிடங்களில் 262 கண்ணிகள் பின்னி உலகின் அதிவேகப் பின்னலாளர் எனப் பெயர் பெற்றவர். அவரே அதே வேகத்தில் தேநீர் குடிக்கவும் எழாமல் பின்னினாலும் இவ்வுடைக்குப் பத்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவாகத்தான் ஆகும். ஆனால் இதற்கு வேண்டிய நூலைத் தேர்ந்து, விலை கொடுத்து, பையில் இட்டு வெளியேற, கடையில் கூட்டம் இல்லாவிடில், பத்து நிமிடம் போதும். வாங்கும் ஒரு நிமிடத்துக்குப் பின்னும் 204 நிமிடங்கள் என்னும் இவ்விகிதத்தை விரல்களால் ஈடுகட்ட இயலாது. இருப்பு பெருகுவது ஒழுக்கக்கேட்டால் நேர்வதன்று, வெறும் வகுத்தலின் விளைவு.

ஆயினும் இவ்விகிதம் மட்டும் போதுமாயின் விலை உயர்ந்த நூலும் இதே அளவில் பெருகியிருக்க வேண்டும். மலிவு நூலே அவ்வாறு பெருகக் காரணம் அதன் விலை. கம்பளி நூலின் அளவை ஒருகாலத்தில் ஆடுகள் கட்டுக்குள் வைத்திருந்தன. ஆட்டுக்கு மயிர் வளர வேண்டும், கத்தரிக்கும் பருவம் வர வேண்டும், கழுவவும் சிக்கெடுக்கவும் நூற்கவும் ஆள் வேண்டும். 1950 இல் டூபாண்ட் நிறுவனம் ‘ஆர்லான்’ என்னும் அக்ரிலிக் இழையைத் தென் கரோலினா மாநிலத்தின் கேம்டன் ஆலையில் வணிக அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியபோது, பெட்ரோலியத்திலிருந்து பிறந்த அவ்விழைக்கு மேய்ச்சலும் வேண்டியதில்லை, பருவமும் வேண்டியதில்லை என்றாயிற்று. இன்று அமெரிக்கச் சந்தையில் பெயர்பெற்ற ‘ரெட் ஹார்ட் சூப்பர் சேவர்’ வகையின் ஒற்றை நிறக் கழி ஒன்றில் 198 கிராம் எடையும் 364 கஜ நீளமும் உண்டு. அவ்வகையில் நான்கு கழிகள் மேற்சொன்ன ஸ்வெட்டருக்குத் தாராளமாகப் போதும்.

போதும் என்பது கணக்கறிந்தவர் சொல். பின்னுவோர் அதனை ஏற்பதில்லை. ஒரே சாயத்தொட்டியில் ஒரே முறையில் நனைந்த நூல்களுக்கு ஆலையார் ஒரு தொகுதி எண் இட்டு மேலுறைச் சீட்டில் அச்சிடுவர். வேறு தொகுதியில் வந்த அதே நிறம், கடை வெளிச்சத்தில் ஒன்றுபோல் தோன்றினும், பின்னிய பின் பகல் வெளிச்சத்தில் தோளுக்கும் மார்புக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் வேறுபட்டு நிற்கும். இடக்கையின் கடைசி நான்கு அங்குலத்தில் நூல் தீர்ந்து, அத்தொகுதி கடையில் இல்லை எனக் கேள்விப்பட்ட எவரும் அடுத்தமுறை நான்குக்குப் பதில் ஆறு கழிகள் வாங்குவர். நூல் முடிவதற்குள் வேலை முடியுமா என்று அஞ்சி அஞ்சிப் பின்னும் அந்நிலைக்கு ‘யார்ன் சிக்கன்’ என்று பெயர். மிஞ்சிய இரண்டு கழிகள் இருப்பில் சேர்கின்றன. அவை ஒரு குழந்தைத் தொப்பிக்கு மிகையாகவும் ஸ்வெட்டருக்குக் குறையாகவும் அமைவதால், அவற்றுக்குத் துணையாக மேலும் நூல் வாங்கவேண்டியதாகின்றது. மலிவு நூலின் இனப்பெருக்கம் இவ்வாறு நடைபெறுகின்றது.

மலிவைத் தேடுவோருள் ஒரு பிரிவினர் ஆலையையும் கடந்து பழந்துணியில் இறங்குவர். அறக்கொடை நிறுவனங்கள் நடத்தும் பழம்பொருள் கடைகளில் சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும் கம்பளி ஸ்வெட்டரை இவர்கள் உடுத்திப் பார்ப்பதில்லை. உட்புறத்தைத் திருப்பி மூட்டுத் தையலையே பார்ப்பர். துணியைக் கத்தரித்து ஓவர்லாக் அடித்த ஸ்வெட்டர் ஆயின், ஒவ்வொரு வரிசையும் விளிம்பில் அறுபட்டிருக்குமாதலின், பிரித்தால் முழ நீளத் துண்டுகளே மிஞ்சும். அதனைத் திரும்ப மாட்டிவிடுவர். விளிம்போடு விளிம்பு சங்கிலித் தையலால் இணைத்ததாயின், தையலின் ஒரு முனையை வெட்டி இழுத்த அளவில் அது ஓடிப் பிரியும். பின்பு கழுத்திலிருந்து தொடங்கி இழுக்க இழுக்க, நெளிந்த நூல், நாற்காலி முதுகில் சுற்றச் சுற்ற, கழியாகும். அக்கழியை நான்கு இடங்களில் தளரக் கட்டி, வெந்நீரில் நனைத்து, கீழே சிறு பாரம் தொங்கவிட்டுக் காயவைத்தால் நெளிவு நீங்கும். ஓர் உடையாக இருந்தபோது ஒரு மாடத்தில் மடிந்து கிடந்த அதே பொருள், நூலான பின் அதைப்போல் மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கின்றது என்பதை இவர்கள் வேலை முடிந்த பின்னரே உணர்வர்.

இடமே இத்துறையின் மையச் சிக்கல். கையால் சாயமிட்ட நேர்த்தியான மெரினோ நூலில் 100 கிராம், சுமார் 400 மீட்டர் நீளமிருந்தும், கைப்பைக்குள் அடங்கும். அதில் மறைக்கவேண்டியது விலை ஒன்றே. விலைச் சீட்டைக் கிழித்தால் அது மறைந்துவிடும். மலிவு நூலின் நிலை இதற்கு நேர்மாறு. அதன் விலையைக் குறித்து எவரும் வெட்கப்படுவதில்லை, உரக்கச் சொல்வதும் உண்டு. ஆனால் அதன் பருமனை என்ன செய்வது? இருபது கழி அக்ரிலிக்கை ஈரறை வீட்டில் ஒளிக்க முயல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையே. ஆகவே ‘செலவை மறைக்கவே நூல் மறைக்கப்படுகின்றது’ என்னும் பொதுக்கருத்தை இவ்வாய்வு மறுக்கின்றது.

தொல்காப்பியப் பொருளதிகாரம் காதலர் ஒழுக்கத்தைக் களவு, கற்பு என இரு இயல்களாக வகுத்தது; நூல் வீட்டுக்குள் வரும் வழியும் அவ்வாறே வகுக்கத்தக்கது. தள்ளுபடி அறிவிப்பின்கீழ் எதிர்பாராது நிகழும் முதற்சந்திப்பு இயற்கைப் புணர்ச்சி. நூல் இரண்டு நாள் காரின் டிக்கியில் தங்கியிருந்து, வீட்டார் வேலைக்குச் சென்றபின் உள்ளே வருமாயின் பகற்குறி. அவர்கள் உறங்கியபின் வருமாயின் இரவுக்குறி. பொதியைத் தன் முகவரிக்கு வரவழைத்துக்கொள்ளும் சக பின்னலாளர் தோழி. பொதி கொணர்பவர் வாசலில் நின்று ‘இந்த வாரம் மூன்றாவது’ என்று புன்னகைப்பது அலர். மாத இறுதியில் வரும் வங்கிக் கணக்கறிக்கை அறத்தொடு நிற்கின்றது. இத்தனையும் கடந்து உடையாகப் பின்னப்பட்டு, ஊரறிய உடுத்தப்பட்டுக் கற்பியலுக்கு வந்துசேரும் நூல் சொற்பம்.

மறைவிடங்களுள் பயணப்பெட்டி முதன்மையானது. விடுமுறைக்குப் புறப்படும் காலைவரை அது பாதுகாப்பானது. மெத்தை உறைக்குள் பஞ்சுக்குப் பதிலாக நூல் அடைப்பாரும், காற்றை உறிஞ்சி எடுக்கும் நெகிழிப் பைகளில் அதனைப் பலகைபோல் தட்டையாக்கிக் கட்டிலடியில் செருகுவாரும் உளர். பின்னதில் பையின் வாய் எங்கேனும் சிறிது கசியுமாயின், சில வாரங்களில் கட்டில் ஒரு பக்கம் எழும்பத் தொடங்கும். துணி அந்துப்பூச்சி இவர்கள் அனைவருக்கும் பொதுப்பகை. வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை; அதன் புழுவே கம்பளியிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று செரிக்க வல்லது. இருளும் அசைவின்மையும் அது விரும்புவன. மறைப்போர் தேடும் இடமும் அதுவே ஆதலின், களவில் வைத்த கம்பளி நூல் பூச்சிக்கு இட்ட விருந்தாகின்றது. புழுவையும் முட்டையையும் கொல்ல, நூலை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வீட்டு ஃப்ரீஸரின் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் இரண்டு வாரம் வைத்தல் நலம். உறைந்த பட்டாணிக்கும் மீனுக்கும் நடுவே நூலைக் கண்டு வினவும் வீட்டாருக்கு இவ்விளக்கம் அறிவியல் உண்மை என்பதால், ஃப்ரீஸரே மறைவிடங்களில் தலைசிறந்தது; கண்டுபிடிக்கப்பட்டாலும் பொய் சொல்ல வேண்டாத ஒரே இடம் அது. முழு அக்ரிலிக் நூலைப் புழு உண்ணாது என்பதை மட்டும் அப்போது எடுத்துச் சொல்லாதிருத்தல் மரபு.

மறைத்தலால் விளையும் தீங்கு ஒன்று உண்டு. அதனை இத்துறையினர் போதிய அளவு சிந்தித்திலர். மறைத்து வைத்த நூல் வைத்தவர்க்கும் மறந்துபோகின்றது. ஆனால் அவரது சுவை மாறுவதில்லை. மூன்று ஆண்டுக்கு முன் மனத்தைக் கவர்ந்த மயில்கழுத்து நிறம் இன்றும் கவர, வீட்டில் அது இல்லை என்னும் தெளிந்த நம்பிக்கையோடு அவர் மீண்டும் வாங்கி, மீண்டும் சிறந்த மறைவிடம் ஒன்றைத் தேடிச் சென்று, அங்கே முன்னதைக் காண்கின்றார். இதனைத் தவிர்க்கச் சிலர் 2007 இல் தொடங்கிய ‘ரேவல்ரி’ என்னும் பின்னலாளர் தளத்தில் தம் இருப்பைக் கழி கழியாகப் படம் எடுத்து, நிறமும் தொகுதி எண்ணும் இட்டுப் பதிந்துவைப்பர். ஒரு வீட்டில் ஒருவர் அறியக்கூடாது என்று போற்றப்பட்ட செய்தி உலகெங்கும் முன்பின் அறியாத பலருக்கு இவ்வாறு ஒழுங்காக அறிவிக்கப்படுகின்றது.

இருப்பைக் குறைக்க முயல்வோர் புதுநூல் வாங்குவதில்லை என்று நோன்பு பூணுவதும் உண்டு. நோன்பின் நூற்பா ஒன்றே, புறனடைகள் பல. காலுறை நூல் இருப்பில் சேராது. பயணத்தில் வாங்கியது நினைவுப்பொருள். பிறருக்குப் பரிசாக வாங்கி இன்னும் கொடுக்காதது பிறருடையது. ஏற்கெனவே உள்ள நூலைத் தீர்ப்பதற்காக வாங்கும் நூல் இருப்பைக் குறைக்கும் கருவியாதலின் பெருக்கத்தில் எண்ணப்படாது. உரையாசிரியர்களே வியக்கும் இப்புறனடைகளைக் கழித்தால், நோன்பால் விலக்கப்படும் நூல் எது என்பது ஆய்வுக்குரியது.

ஸேபிள் நிலையை அடைந்தோரின் இருப்பு அவர்க்குப் பின் என்னாகின்றது என்பது ஓரளவு தெளிவு. கம்பளியில் ஒரு பகுதியைப் புழு எடுத்துக்கொண்டிருக்கும்; அக்ரிலிக் மட்டும் வாங்கிய நாளின் நிறத்தோடு அப்படியே கிடக்கும். மெத்தை உறையிலிருந்தும் கட்டிலடியிலிருந்தும் பயணப்பெட்டியிலிருந்தும் அதனை எடுத்தெடுத்து மாளாத பிள்ளைகள், பெரிய பைகளில் அடைத்து அறக்கொடைக் கடையில் இறக்குவர். கடைக்காரர் நிறம் பாராமல், தொகுதி எண் பாராமல், ஐந்தாறு உருண்டைகளை ஒரு பையில் கட்டி ஒரு விலை ஒட்டுவார். அப்பையை வாங்குபவர் ரொக்கமாகவே கொடுப்பார். ரொக்கம் வங்கிக் கணக்கறிக்கையில் ஏறுவதில்லை.