மீனு கெடக்கட்டும்ல, மொதல்ல ஆளப் பாரு

ஏலே பேராண்டி, கல்யாணமாகி அஞ்சு வருசம் முடியுது, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு தோக்கியோவுல ஒமகாசே சுஷி திங்கப் போறேன், எந்தக் கடை நல்லதுன்னு விசாரிக்கேன்னு போன்ல சொன்ன. சந்தோசம். இன்னைக்கு என்ன கொழம்பு வைக்கன்னு அவ கேட்டா "ஒன் இஷ்டம்"னு சொல்லிட்டு, வச்ச பொறவு மூஞ்சத் தூக்குத பய நீ. ஒமகாசேன்னாலும் அதுதான். "ஒம்ம இஷ்டம்யா"ன்னு சமையக்காரன் கையில வாயக் குடுத்துட்டு ஒக்காருதது. என்ன ஒண்ணு, அங்கன மூஞ்சத் தூக்க முடியாது. எதுத்தாப்புல கத்தியோட நிக்கான்.

தாத்தனுக்கு இதுல என்ன தெரியும்னு சிரிக்காத. தூத்துக்குடி ஏலக்கூடத்துல மீன் தரம் பாத்தே தலை நரைச்சவன் நான். தோக்கியோவுல ஒங்க நிஷிகசாய் வீட்டுல வந்து இருந்தப்ப, நீங்க ரெண்டு பேரும் தூங்கிக்கிட்டு இருக்கையில நான் எங்க போனேன்னு நெனச்ச? வாக்கிங்கா? மொத ரயிலப் புடிச்சு டொயோசு சந்தைக்குப் போனேன்ல. பழைய சுகிஜி சந்தைய 2018 அக்டோபர்ல அங்கன மாத்திட்டானுவ. சூரை ஏலத்த மாடியில கண்ணாடிக்குப் பின்னால நின்னு யாரு வேணாலும் பாக்கலாம். நான் ஓடிப் போயி ஏலத்தோட வாலத்தான் பாத்தேன். வாங்க வந்தவனும் வாலத்தான் பாக்கான். ஒவ்வொரு சூரைக்கும் வால் பக்கம் வெட்டிவிட்டிருக்கு. குனிஞ்சு அந்த வெட்டுவாயில டார்ச்ச அடிச்சு நெறம் பாக்கான். துளி சதையப் பிச்சு ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சுத் தேய்க்கான், எண்ணெய் எம்புட்டு ஒட்டுதுன்னு. அடுத்த மீனுக்குப் போறான். ஒரு வார்த்தை பேச்சில்ல. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. நம்ம கூடத்துல ஒரு கூடை சாளைக்கு நாம போடுத சத்தத்துல நாலு சுஷிக்கடை இடிஞ்சு விழுந்துரும்.

அங்கன நிக்கயிலதான் ஒண்ணு வெளங்குச்சு, கடையையும் இப்படித்தான் சோதிச்சுப் பாக்கணும். நீ வெலையப் பாத்தும் பேரப் பாத்தும் கடை தேடுத. 2019 ஜனவரியில வருசத்தோட மொத ஏலத்துல 278 கிலோ சூரை ஒண்ணு 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போச்சு. எடுத்தவரு எட்டு நாற்காலி ஒமகாசேக்காரரு இல்ல. சுஷிசன்மாய்னு ஊரெல்லாம் கடை வச்சிருக்க கிமுரா. அந்தக் காசு மீனுக்கா, மறுநா பேப்பர்ல வாற போட்டோவுக்கான்னு ஏலத்துல நின்னவனுக்குத் தெரியும். வெலை ஒசந்ததால ருசி ஒசந்துராதுல.

அடுத்தது இந்த மிஷலின் ஸ்டாரு. கின்சாவுல ஒரு கட்டடத்துக்கு அடியில, சுரங்க ரயில் வாசல ஒட்டி, ஜிரோ ஓனோவோட கடை இருக்கு. மொத்தம் பத்து நாற்காலி. 2011ல அவரப் பத்தி சினிமாவே எடுத்தாச்சு. 2014ல ஒபாமாவ அங்கனதான் பிரதமர் அபே கூட்டிட்டுப் போனாரு. மூணு ஸ்டாரு வச்சிருந்த கடைய 2019ல மிஷலின்காரன் புத்தகத்துல இருந்தே எடுத்துட்டான். ருசி கொறஞ்சு இல்ல. சாதாரண ஆளு பதிவு செய்ய முடியாத கடைய எதுக்குப் போடணும்னுதான். சரி, ஒனக்கு எவனோ எடம் வாங்கிக் குடுத்துட்டான்னே வச்சுக்க. சோத்து உருண்டை மேல மீன வச்ச நிகிரி இருபதையும் அரைமணி நேரத்துல அடுக்கிருவானுவ, அந்தக் கடையோட வேகம் அது. ஒம் பொண்டாட்டி சேலைக்கு மடிப்பு வைக்கதே அரைமணி நேரம். அவ கட்டி முடிக்க எடுத்த நேரத்துல நீ சாப்பிட்டு முடிச்சு ரோட்டுல நிப்ப. கல்யாண நாள் ராத்திரி ஏழு மணிக்கு கின்சா ரோட்டுல ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து "அடுத்து?"ன்னு கேக்கவாடே இம்புட்டுச் செலவு?

அதனால மொதல்ல கேக்க வேண்டியது, வெறும் நிகிரி மட்டுமா, இல்ல முன்னால சுமாமி உண்டான்னு. சுமாமின்னா சின்னச் சின்னத் தட்டுல வாற தொடுகறி. அவிச்ச பேய்க்கணவாய், சுட்ட மீன்துண்டு, அப்படி. அதத் தின்னுக்கிட்டு, அரிசி மதுவான சாக்கேய ரெண்டு வாய் குடிச்சு, ஆற அமர ஒக்காந்த பொறவுதான் உருண்டை வரும். ரெண்டு மணி நேரம் ஓடும். விசேசத்துக்கு அதுதான் லாயக்கு. வெறும் நிகிரிக் கடைக்கு நீ ஒத்தையில போ, அன்னைக்கு என்னையும் கூப்புடு.

"மீன் இன்னைக்குப் பிடிச்சதா?"ன்னு மட்டும் கேட்டுராத. நானும் கேக்கத்தான் இருந்தேன், நல்லவேளை எனக்கு ஜப்பான் பாசை வராது. நல்ல கடைக்காரன் சூரைய நாளுக்கணக்குல, சில நேரம் வாரக்கணக்குல கூட, ஐஸுல வச்சுப் பக்குவம் பண்ணித்தான் எடுக்கான். கொஹாடான்னு முள்ளு நெறஞ்ச பொடிமீன் ஒண்ணு. அத உப்புல போட்டு, வினிகர்ல முக்கி, எம்புட்டு நேரம்னு நிமிசக் கணக்குப் பாத்து எடுக்கதுலதான் அவன் கைத்திறமையே இருக்கு. மத்தது எல்லாம் சந்தையில காசு குடுத்தா கிடைக்கும், கொஹாடாவுக்குக் கை வேணும். ஐஸுப்பெட்டி இல்லாத காலத்துல பொறந்த பண்டம்ல இந்த சுஷி. 1820கள்ல, எடோன்னு அப்ப பேரு இருந்த தோக்கியோவுல ஹனாயா யோஹேய்னு ஒருத்தர் கையில புடிச்சு வித்து பேரு வாங்குனதாச் சொல்லுவாங்க. தெருக்கடைச் சரக்கு, நின்னுக்கிட்டே திங்கது. உருண்டையும் இப்ப உள்ளதவிடப் பெருசு. சூரை வயித்துக் கொழுப்ப அந்தக் காலத்துல எவனும் மதிக்கல, சீக்கிரம் கெட்டுப்போகும்னு கழிச்சுவிட்டானுவ. இன்னைக்கு அதுக்குப் பேரு ஒட்டோரோ, நீ அதுக்குத்தான் சம்பளத்துல பாதிய எடுத்து வைக்க.

கடைய எடைபோடணும்னா சோத்தப் பாரு. போன்ல போட்டோ பாப்பேல்லா, எல்லாப் பயலும் மீனத்தான் பெருசாக்கிப் பாக்கான், நீ அடியில இருக்க சோத்தப் பெருசாக்கு. பழுப்பா இருந்தா பழைய அரிசின்னு நெனைக்காத, அது சிவப்பு வினிகரு. சாக்கே வடிச்ச கசடப் பல வருசம் ஊறவச்சு எடுக்கது. வாசம் தூக்கும், ருசி அழுத்தமா இருக்கும், சூரைக்கும் அதுக்கும் நல்ல பொருத்தம். வெள்ளையா இருந்தா ருசி மெதுவா இருக்கும், கணவாய்க்கும் வெள்ளைச்சதை மீனுக்கும் எடம் விடும். ஒம் பொண்டாட்டி மெதுவான ருசிக்காரி.  அவளுக்கு வெள்ளச் சோத்துக் கடைதான் தோது. சோறு வாயில போகையில ஒடம்புச் சூட்டுல இருக்கணும், மீனு லேசாக் குளுந்து இருக்கணும், ரெண்டும் சேந்து உதிரணும். அது மட்டும் போட்டோவுல தெரியாது. யாராவது சாப்பிட்டு எழுதியிருந்தா, மீனப் பத்தி ஒரு பக்கம் எழுதி சோத்த மறந்தவன் பேச்சத் தள்ளிரு.

டபேலோக்னு ஜப்பான் சைட்டு ஒண்ணுல கடைக்கு மார்க்குப் போட்டிருப்பானுவ. அஞ்சுக்கு மூணரைன்னாலே அங்கன நல்ல மார்க்கு, கேட்டியா? நம்மாளு நாலரைக்குக் கொறஞ்சா புரோட்டாக் கடைக்கே போகமாட்டான். அந்தக் கண்ணோட பாத்து நல்ல கடைய விட்டுராத. சில பெரிய கடையில ஒரே போர்டுக்குள்ள ரெண்டு மேசை இருக்கும். ஒண்ணுல மொதலாளி நிப்பாரு, இன்னொண்ணுல அவருகிட்டப் படிச்ச பையன் நிப்பான், வெலையும் கொறச்சல். யாரு கைன்னு கேட்டுப் பதிவு பண்ணு. என்னையக் கேட்டா அந்தப் பையன்கிட்டப் போங்கன்னுதான் சொல்லுவேன். பேரு வாங்கணும்னு நிக்கவன் கையில ஒரு பதட்டம் இருக்கும், அது நமக்கு நல்லது. பெரியவரு நிமிந்தே பாக்கமாட்டாரு. ஒனக்கும் வாய் சும்மா இருக்காது.

கின்சாவுல ராச்சாப்பாடு ஒரு ஆளுக்கு 30,000 யென்னுக்கு மேல போறது சகஜம், குடிக்கது தனி. அதே கடையில மத்தியானம் பாதிக்கும் கொறவா இருக்கதும் உண்டு. மத்தியானம் போனா மானம் போயிராதுல. அந்தப் பிள்ளை மீனுன்னா கொழம்புல தளதளன்னு கொதிச்சாத்தான் மீனுன்னு சொல்லுதவ. அவ பச்சை மீனு தின்பாளான்னு நீ கேட்டியா? "சர்ப்ரைஸு தாத்தா"ன்னு சொல்லுத. மூதி, பச்சை மீனுல சர்ப்ரைஸு வைக்கக் கூடாது. முந்தின மாசமே ஒரு சின்னக் கடையில மத்தியானம் கூட்டிட்டுப் போயி பாத்துக்க. ஆகாதத எல்லாம் பதிவு பண்ணையிலேயே சொல்லணும். அவன் அத வச்சுத்தான் காலையில சந்தையில மீனு எடுப்பான், மேசையில ஒக்காந்து "இறால் ஒத்துக்காது"ன்னா பாவம் என்ன செய்வான்? பச்சை மீனே ஆகாதுன்னா பல கடையில வராதீங்கன்னே சொல்லிருவானுவ. அப்புறம், வேற விசேசம் ஏதும் இருந்தா, அந்தப் பிள்ளைக்கு வாய்க்குமட்டலு கீது இருந்தா, பச்சை மீனும் ஆகாது, சாக்கேயும் ஆகாது. கடைய கேன்சல் பண்ணிட்டு மொதப் போனு எனக்குப் போடு.

எடம் பிடிக்கத பத்தி. பல கடையில ராத்திரிக்கு ரெண்டு தடவைதான், ஆறு மணி சுமாருக்கு ஒண்ணு, எட்டரை சுமாருக்கு ஒண்ணு. நம்ம கல்யாணப் பந்திதான், எல்லாருக்கும் ஒரே நேரத்துல எலை. நீ ஒரு நாளாவது நேரத்துக்குப் போயிருக்கியா? ஒங் கல்யாணத்துக்கே முகூர்த்தம் தப்பப் பாத்தது. இங்கன ஒனக்காக ஏழு பேரு கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பான். போகாம விட்டா முழுப் பணமும் பிடிச்சிருவானுவ. ரெண்டாம் பந்திய எடு. பின்னால எவனும் எலைக்கு நிக்கமாட்டான். கடைசி ரயிலு மட்டும் பாத்துக்க. ஞாயித்துக்கிழமையும் பல புதன்கிழமையும் சந்தை லீவு, நல்ல கடைக்காரனும் அன்னைக்குப் படுத்துத் தூங்குவான். கல்யாண நாளு புதன்ல வந்தா வியாழனுக்குத் தள்ளு. அதுக்காக அவ டைவர்ஸு கேக்கமாட்டா.

ஒக்காருதது பக்கத்துப் பக்கத்துல, ரெண்டு பேரு கண்ணும் அவன் கையில. மூஞ்சி பாத்துப் பேசணும்னு ஆசைன்னா மேசை மூலை திரும்புத கடையாப் பாத்து அந்த மூலையக் கேளு, ஆளுக்கு ஒரு பக்கம் ஒக்காரலாம். நேரா இருக்க மேசைன்னாலும் கவலை இல்ல. சண்டை வந்தாத் தமிழ்ல மெதுவாப் போட்டுக்குங்க, ஒருத்தனுக்கும் வெளங்காது.

சென்ட்டு அடிச்சுட்டுப் போகாத. ஊருல இருந்து எவனாவது மல்லியப்பூ கொண்டாந்து குடுத்தாலும் அன்னைக்கு அவ தலையில வேண்டாம், ஐஸுப்பெட்டியில கெடக்கட்டும், மறுநா வச்சுக்கிடட்டும். மீனு வாசம் அம்புட்டு மெல்லிசு, ஒரு மொழப் பூ அந்த அறை மீனையே கொன்னுரும். மேசை ஹினோக்கி மரம், பாலிஷு கெடையாது, நாள்தோறும் தேச்சுத் தேச்சுக் கழுவி வச்சிருப்பான். அவ வளையல் இழுத்துச்சோ, ஒன் வாட்ச்சு உரசுச்சோ, மூஞ்சியில சிரிப்போடயே அழுவான். உருண்டைய வச்சதும் எடு. ஒரு போட்டோன்னா சரி, அதுக்கு மேல திருப்பித் திருப்பிப் பிடிச்சிக்கிட்டு இருந்தா சோத்துச் சூடு போயிரும். சோயாவ அவனே மீனு மேல தடவித் தந்துருவான், உள்ள வசாபியும் இருக்கு, நீ முக்க வேண்டாம். கையாலத் திங்கலாம். ஒலகத்துல வெலை கூடுன சாப்பாட்டுல நமக்கு வெக்கமில்லாமக் கைய வைக்க விட்டிருக்க எடம் அது, குச்சியத் தூக்கிக்கிட்டுத் திரியாத.

கடைசியில சூப்பு வரும், கடல்விலாங்கு வரும், முட்டை வரும். அதோட அவன் கணக்கு முடிஞ்சுது. நிமிந்து பாத்து "வேற ஏதாவது?"ன்னு கேப்பான். அம்புட்டு நேரத்துல நீ வாயத் தொறந்து கேக்க ஒரே எடம் அதுதான். எந்த மீனுக்கு அந்தப் பிள்ளை பேச்ச நிறுத்திச்சுன்னு நீ கவனிச்சிருந்தா, அதையே அவளுக்கு இன்னொண்ணு கேளு. கவனிக்கலையா, கம்முனு ஒரு கம்ப்யோ சுருளு சொல்லு. நம்ம சுரைக்காயத்தான் வத்தலாப் போட்டு இனிப்பா வேகவச்சுச் சோத்துல சுருட்டுதான், கையையும் கடிக்காது. இதுக்கெல்லாம் தனிக் காசு, பாத்துக்க. டிப்ஸ் வைக்காத, மறந்துட்டுப் போறான்னு நெனச்சு ரோடு வரைக்கும் ஓடிவந்து திருப்பிக் குடுப்பான்.

பில்லு எம்புட்டுன்னு மட்டும் போன்ல எங்கிட்டச் சொல்லிராத. ஒங்க ஆச்சி பக்கத்துல ஒக்காந்து காதத் தீட்டிக்கிட்டு இருக்கா, "இம்புட்டு வருசத்துல எனக்கு என்னத்த வாங்கிக் குடுத்தீரு?"ன்னு என்கிட்ட ஆரம்பிச்சிருவா.