யார் சார் இதைக் கட்டினது?

செருப்பைக் கழற்றும்போதே பார்வை சுவர்மேல்தான். காபி வருவதற்குள் விரல் முட்டியால் இரண்டு தட்டு. நாடி பார்த்த வைத்தியர் வீட்டுக்காரர்களைத் தனியே அழைக்கும் முகத்தோடு திரும்பி, "யார் சார் இதைக் கட்டினது?" என்பார் மேஸ்திரி.

பதில் சொல்லிப் பயனில்லை. யார் கட்டியிருந்தாலும் அவருக்கு ஆகாது. "ஒண்ணுக்கு ஆறு கலக்க வேண்டியது, எட்டு போட்டிருக்கான், வெறும் மணல்!" சன்ஷேடைப் பார்த்தால், "கம்பிக்குக் கவரே விடலை." பாத்ரூமில், "வாட்டத்தைப் பாருங்க, தண்ணி ஜாலிக்குப் போகாம நிலைப்படிக்கு வருது." சுற்றி முடிப்பதற்குள், வீடு இதுவரை நின்றதே குலதெய்வத்தின் கருணை என்று நமக்கே தோன்றிவிடும். எங்கள் வீட்டை அவர் சுற்றிப் பார்த்த அன்று, என் அம்மா நாற்காலியை வேப்பமரத்தடிக்கு எடுத்துப் போய்விட்டாள்.

எதிர்வீட்டில் ஒரு லாஃப்டைக் காட்டி இதையே கேட்டிருக்கிறார். "நீங்கதான் மேஸ்திரி, அப்பா இருக்கும்போது" என்றாராம் வீட்டுக்காரர். மேஸ்திரி அசரவில்லை. "நான் அப்பவே சொன்னேன், உங்க அப்பாதான் கேக்கலை."

இதை வெறும் வாய்க்கொழுப்பு என்று நினைக்கக் கூடாது. இதுதான் எஸ்டிமேட். பழைய கொத்தனாரின் ஒவ்வொரு பாவமும் நம் பில்லில் 'எக்ஸ்ட்ரா' என்று ஏறும்: பூச்சைக் கொத்தி எடுக்க, வாட்டம் திருத்த, ரப்பிஷ் அள்ளும் வண்டிக்கு. பேசிய சதுர அடி ரேட்டில் இதெல்லாம் சேர்ந்ததா என்று எழுதித் தரச் சொன்னால் முகம் வாடிவிடும். "பேப்பர் எதுக்கு சார், நம்பிக்கைதானே." முன்பு செய்த வீட்டைக் காட்டச் சொன்னால் தெருவில் பைக்கை நிறுத்தி, காம்பவுண்டுக்கு மேல் தெரியும் மாடிக் கைப்பிடியைக் காட்டுவார். அந்த வீட்டுக்காரர் எப்போதும் அமெரிக்காவில்.

வேலை தெரியாதவரும் இல்லை. ஒரு டைல்ஸைக் கண்ணால் அளந்து கட்டைவிரலால் லேசாக அழுத்துவார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி நட்டநடுவில் நிற்கும். உச்சிவெயிலில் சித்தாள் பெண்கள் மணல் சட்டி தூக்கினால் அதட்டி நிழலில் உட்கார வைப்பார்.

அதனால்தான் எரிச்சல் கூடுகிறது. பாத்ரூமில் வாட்டர்ப்ரூஃப் பூசினால், டைல்ஸ் ஒட்டுமுன் ஒரு முழு நாளாவது தண்ணீர் கட்டி, கீழே ஈரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இது அவருக்குத் தெரியும். பழைய ஆள் அதைச் செய்யவில்லை என்று ஒரு காலை முழுக்கத் திட்டியவரே அவர்தான். தன் முறை வந்ததும், "நம்ம வேலைக்கே டெஸ்ட்டா சார்?" மறுநாள் நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. இப்போது கீழ்ப் போர்ஷன் கூரையில் ஈரம் படர்கிறது. போன் செய்தால் முருகன் பாட்டு முழுசாக ஓடி ஓய்கிறது.

கடைசித் தவணையை ஜிபேயில் அனுப்பியபோது மட்டும், பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று நின்று பார்த்து, மகனிடமும் போனில் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் பைக்கை எடுத்தார்.