மாற்றுக்கல்வி அப்பா

அமீரகத்தின் அஜ்மானில் தமிழர்கள் கூடும் இடம் எதுவானாலும், சுலைமானி டீ டம்ளரோடு ஓர் ஓரமாக நின்று யாரையாவது பிடித்து வைத்திருப்பார். பிடிபட்டவருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பிள்ளை இருக்கும். "ஸ்கூல்னா என்ன சார்? மணி அடிச்சா உட்காரு, மணி அடிச்சா எந்திரி. ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கப் போட்ட திட்டம்" என்று தொடங்கினால், பிரம்மஞான சபை கூப்பிட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்தது, போரில் மாட்டிக்கொண்டு கொடைக்கானலில் தங்கியது, 1946-இல் ஊர் திரும்பியது எல்லாம் சொல்லித்தான் கையை விடுவார். அதற்குள் பிரியாணி தீர்ந்திருக்கும்.

இந்த ஞானமெல்லாம் அவருக்கு வந்த வழி ஷார்ஜா ட்ராஃபிக். வேலை துபாயில், குடித்தனம் அஜ்மானின் நுஐமியாவில், நடுவில் ஷார்ஜா. அஜ்மானில் வாடகையில் மிச்சம் பிடித்ததை ரோட்டில் நேரமாகக் கட்டுகிறார். வண்டி நகராத அந்த நேரத்தில் ஜே.கிருஷ்ணமூர்த்தி, ஜான் ஹோல்ட், சம்மர்ஹில் பள்ளி நடத்திய ஏ.எஸ்.நீல் என்று மாற்றுக்கல்விக்காரர்கள் ஒவ்வொருவராக ஆடியோவில் காரில் ஏறிப் பேசிவிட்டு இறங்குகிறார்கள். இவான் இல்லிச் 1971-லேயே பள்ளிக்கூடமே வேண்டாம் என்று எழுதிவிட்டார் என்பதை அல் இத்திஹாத் சாலையில் கேட்டு, பக்கத்து வண்டிக்காரர் ஹார்ன் அடிக்கிற அளவுக்கு மெய்மறந்தவர் இவர்.

இவருடைய பையன் படிப்பது சி.பி.எஸ்.இ. பள்ளியில். பொழுது சரியாக விடியும் முன்னே பஸ் வந்துவிடும். அரபியும் உண்டு. சாயங்காலம் அதே பில்டிங்கில் மலையாளி டீச்சரிடம் கணக்கு டியூஷன். தனி டியூஷனுக்கு அமீரக அரசு 2023 டிசம்பரில் பெர்மிட் கொண்டுவந்தபோது, அதை அந்த டீச்சருக்கே முதலில் சொன்னவர் இவர்தான். தப்பித்தவறி டியூஷன் நின்றுவிடக் கூடாது பாருங்கள்.

சனிக்கிழமை மட்டும் மாற்றுக்கல்வி. பையனை அல் ஸோரா அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பூநாரைகளைக் காட்டுவார். "பாரு, கேளு, நீயே கண்டுபிடி. நான் எதுவும் சொல்லித் தர மாட்டேன்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் சொல்லித் தருவார். வீட்டுக்கு வந்ததும் பார்த்ததை எழுதச் சொல்வார். கட்டாயமில்லை, இரண்டு பக்கம் போதும். மார்க் போடுவது வன்முறை என்பது கொள்கை. ஆகவே பத்துக்கு ஏழு என்று பென்சிலில்தான் போடுவார்.

மாண்டிசோரியைப் பேசும் வாய் ஒரு விஷயத்தில் மட்டும் மூடிக்கொள்ளும். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் அது தமிழ்நாடு முழுக்க அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குப் போனது. மாண்டிசோரி வழியும் ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறையும் கலந்த ஏற்பாடு. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் அட்டைகளை எடுத்துப் படித்தார்கள். இவருடைய அக்கா மகன் அப்போது அப்படியொரு பள்ளியில் இருந்தான். "பாயில உட்கார்ந்து சீட்டு விளையாடுறான், என்னக்கா படிப்பு இது" என்று கேட்டு, மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு மாற்ற அஜ்மானிலிருந்து பணம் அனுப்பியவர் நம்மவர். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கிடைத்தபோது அது கல்வியாகத் தெரியவில்லை.

ஒருமுறை நிஜமாகவே துணிந்தார். பையனை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்கவைத்து, என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதவைக்கலாம் என்று. 1989-இல் இந்திய அரசு தொடங்கியது, முறையான வாரியம், அமீரகத்திலும் மையம் உண்டு. எல்லாம் சொல்லி முடித்தார். மனைவி கேட்டது ஒன்றுதான்: "என்னங்க, நாளைக்கு உங்களுக்கு வேலை போய் விசா கேன்சலானா, ஊர்ல எந்த ஸ்கூல்ல சேர்ப்பீங்க? டி.சி. யார் தருவா?"

இந்தக் கேள்விக்கு இல்லிச்சிடம் பதில் இல்லை. திருவண்ணாமலையிலோ ஆரோவில்லிலோ இருக்கிற தகப்பன் பிள்ளையைத் தேர்வில்லாப் பள்ளிக்கு அனுப்பிப் பார்க்கலாம். சரிப்படாவிட்டால் அடுத்த தெருவில் அரசுப் பள்ளி இருக்கிறது. வளைகுடாக்காரன் குடும்பம் நிற்பதே அவன் வேலை விசாவின்மேல். எந்த மாதமும் பெட்டி கட்ட வேண்டியிருக்கும் என்பதால், முத்திரை குத்திய டி.சி.தான் இங்கே பிள்ளையின் படிப்புக்குக் காப்பீடு. போதாததற்கு நம்மவருக்குக் கம்பெனியில் உத்தியோகமே டாக்குமென்ட் கன்ட்ரோலர். காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஏப்ரலில் முதல் டெர்ம் ஃபீஸைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டினார்.

ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். பாடத்திட்டம் இல்லாமல், பரீட்சை இல்லாமல், பிடித்ததை மட்டும், பிடித்த நேரத்தில், யார் வற்புறுத்தலும் இன்றி ஒருவர் கற்க முடியும் என்பதற்கு அந்த வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. பூநாரையின் நிறம் அது தின்னும் இரையால் வருகிறது என்று தானாகத் தேடிக் கண்டுபிடித்தார். அலையாத்தியின் மூச்சுவேர்களைப் படம் வரைந்து வைத்திருக்கிறார். மாற்றுக்கல்வி அமோக வெற்றி. மாணவருக்கு வயது நாற்பத்து நான்கு. பையன் உள்ளறையில் கணக்கு டியூஷன் ஹோம்வொர்க்கை முடித்துக்கொண்டிருக்கிறான்.

அவரை எங்கேயாவது பார்த்தால் தாராளமாகப் பேசுங்கள், விஷயம் தெரிந்தவர். பையன் எவ்வளவு மார்க் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாடவாரியாக, போன வருஷத்தோடு ஒப்பிட்டு, தசமப் புள்ளி வரைக்கும் சொல்வார்.