காசு குடுத்து முழுகு, மருமோனே

லண்டனிலயிருந்து வந்திறங்கின மருமோனே, கண்ணாடி போட்டு, காலில ரப்பர் செட்டை மாட்டி, நாளைக்கு நிலாவெளியிலயிருந்து புறாமலைக்கு வெளிக்கிடுறாய் எண்டு மாமி சொன்னா. நல்ல விசயம். கிழவன் மூண்டு புத்தி சொல்லுறன், கேட்டிட்டுப் போ.

முதல் புத்தி. கடலுக்குள்ள தலையை விடுறதெண்டால் காசு குடுத்து விடு, வாங்கிக்கொண்டு விடாதை. வாங்கினால் நீ சுழியோடி. சம்பந்தம் பேச வாறவன் படலையோட திரும்பிடுவான். குடுத்தால் நீ விளையாட்டு வீரன், பேஸ்புக்கில படம். தண்ணியும் ஒண்டு, மூச்சும் ஒண்டு. காசு எந்தப் பக்கத்தால போகுது எண்டதிலதான் மரியாதை கிடக்கு.

நம்பேல்லையோ? விண்வெளிக் கதை எழுதின ஆர்தர் சி. கிளார்க்கைப் பார். ராக்கெட்டில ஏறாமலே பாரமில்லாமல் மிதக்க கடலே போதுமெண்டு கண்டுபிடிச்ச மனுசன். 1956இல கூட்டாளி மைக் வில்சனோட திருகோணமலைச் சுவாமி மலைக்குக் கீழ கடலில முழுகினார். போர்த்துக்கேயர் 1620களில இடிச்சுத் தள்ளின கோணேசர் கோயிலின்ர தூணையும் செதுக்கின கல்லையும் கண்டார். அடுத்த வருசமே புத்தகம் வந்திட்டுது. இந்தக் கடலில தலைமுறை தலைமுறையாச் சங்குக்கு முழுகினவன் கண்டதை ஆர் அச்சடிச்சது? அவன் கல்லைத் தேடிப் போகேல்லை, சங்கைத் தேடிப் போனவன். கல்லுக்கு ஒருத்தனும் அரிசி அளக்கமாட்டான்.

ரெண்டாம் புத்தி. நாளைக்கு நீ மேலால மிதக்கிறதோட சரி. ஆனால் ருசி கண்டால் சிலிண்டர் கட்ட ஆசை வரும். கட்டினால் மேல வரேக்க அவசரப்படாதை. ஆழத்தில அமுக்கம் கூட. மூச்சோட போற நைட்ரஜன் ரத்தத்தில கரைஞ்சு நிக்கும். டக்கெண்டு மேல வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள்ள குமிழி கிளம்பும். மூட்டில பிடிச்சால் நோவு, முள்ளந்தண்டில பிடிச்சால் கால் ரெண்டும் போச்சு. உன்ர மணிக்கட்டில ஒரு கணினி கிடந்து "நில்லு, நில்லு" எண்டும். கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கிற பொடியனுக்கோ, மேல வள்ளத்தில முதலாளி இருந்து "இன்னொருக்கா இறங்கு" எண்டுவான்.

மூண்டாவது. புறாமலையில புறாவைக் கண்டால் ஒரு கும்பிடு போடு. இங்கிலீசுக் கடற்படை அந்தத் தீவைக் குறியா வைச்சுச் சுட்டுப் பழகினது. 1957இல திருகோணமலைத் தளத்தைக் கையளிச்சிட்டுத் துரைமார் கப்பலேறினவை. புறா எங்கயும் போகேல்லை. 2003இல தீவு தேசியப் பூங்காவாச்சு; இப்ப அங்க துவக்கு வேண்டாம், பவளப்பாறையில கால் ஊண்டினாலே ஏச்சு விழும். ஒருகாலத்துத் துரைமாரின்ர வீரம் இப்ப குற்றம். உன்ர விளையாட்டைப் பற்றி உன்ர பேரப்பிள்ளையள் என்ன சொல்லப்போகுதுகளோ, எனக்குத் தெரியாதப்பா.

கடைசியா ஒண்டு. வள்ளக்காரனோட பேரம் பேசாதை. லண்டனில மாசாமாசம் காசு கட்டி, மிசினில ஏறி, நிண்ட இடத்திலயே ஓடுற ஆள் நீ. அவன் வேர்வைக்குக் காசு வாங்குறான். நீ வேர்க்கிறதுக்குக் காசு கட்டுறாய். உங்கள் ரெண்டு பேரில ஆர் கெட்டிக்காரனெண்டு மாமி கேட்டவ. வீட்டு மருமோன் எண்டபடியால் நான் வாயே திறக்கேல்லை.